அளவையும் ஆதாரமும்: மாணவர் சோதனைக்கூடத்தில் இரசாயனத் தகவல்

அரியலூர்ச் சீமையில் இரசாயனம் படிக்க வரும் மாணவர்கள் அந்தச் சாஸ்திரத்தைப் பாடப்புத்தகத்தில் சந்திப்பதற்கு நெடுநாள் முன்னரே, தங்கள் ஊர் மண்ணிலும் கிணற்று நீரிலும் அதைச் சந்தித்துவிடுகிறார்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் பரந்திருந்த இப்பிரதேசத்தின் பாறைகளை ஆராய்ந்து ஹென்றி பிளான்ஃபோர்ட் என்னும் புவியியல் அறிஞர் 1862இல் எழுதி வைத்த காலந்தொட்டு, கிரெட்டேசியக் காலத்துப் பாறைத் தொகுதிகளுள் ஒன்று சாஸ்திர நூல்களில் அரியலூரின் பெயராலேயே வழங்கி வருகிறது. அப்பாறைகளில் தேங்கிக் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லை நம்பியே, 1979இல் தொடங்கிய அரசு சிமெண்டு ஆலை உட்படப் பல ஆலைகள் இங்கே எழுந்தன. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பும், எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்க மறுக்கும் சோப்பும், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் யாவும் கால்சியத்தின் காரியங்களே. இப்படிப்பட்ட ஊரில் பிறந்த பிள்ளை சோதனைக்கூடத்துக்குள் நுழைந்து, ஒரு வஸ்துவின் சமான எடையையோ உருகுநிலையையோ, அது கையில் பட்டால் என்ன செய்வது என்பதையோ அறிய விரும்பினால், அந்தத் தகவலை எங்கே தேடுவது, தேடிக் கண்டதை எவ்வளவு தூரம் நம்புவது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

நம் தத்துவ நூலோர் அறிவுக்கு வழியாகும் பிரமாணங்களை அளவை என்று அழைத்தார்கள். சைவ சித்தாந்த நூல்கள் அவற்றைக் காண்டல், கருதல், உரை என மூன்றாகத் தொகுக்கின்றன. துலாக்கோலுக்கும் பியூரெட்டுக்கும் உரிய சொல்லே அறிவின் ஆதாரத்துக்கும் உரியதாக அமைந்திருப்பது தமிழின் பாக்கியம் என்றே நான் கருதுகிறேன். சோதனைக்கூடத்தில் நாம் கண்ணால் காண்பதும் கணக்கிட்டுக் கருதுவதும் சிறுபகுதியே. அணு எடை, கரைதிறன், கொதிநிலை, நச்சுத்தன்மை என்று நாம் அன்றாடம் எடுத்தாளும் எண்களில் மிகப் பெரும்பகுதி பிறர் அளந்து சொன்ன உரையே ஆகும். உரையை ஏற்பதற்குச் சொன்னவர் ஆப்தராக, அதாவது அந்த விஷயத்தை அறிந்து உள்ளபடி சொல்பவராக இருக்கவேண்டும் என்று அந்நூலோர் விதித்தார்கள். ஒரு விஷயத்தில் ஆப்தராக இருப்பவர் மற்றொன்றில் அவ்வாறு இருக்கவேண்டுமென்பதில்லை. இரசாயனத் தகவலைப் பற்றி நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேற்றுமையை மறப்பதால் நேர்பவை.

முதற்சங்கடம் பெயரிலேயே இருக்கிறது. சுண்ணாம்பு என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது மூன்று வெவ்வேறு வஸ்துக்களை: சுரங்கத்திலிருந்து வரும் கல் கால்சியம் கார்பனேட்டு, அதைச் சூளையில் சுட்டால் வருவது கால்சியம் ஆக்சைடு, அதில் நீர் தெளித்து, புகைந்து கொதித்து அடங்கிய பின் கிடைப்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. முதலாவதைக் குழந்தை கையில் வைத்து விளையாடலாம். இரண்டாவது ஈரமான கண்ணில் பட்டால் பார்வையே போகும். சோடாவும் அப்படியே: சலவைச் சோடா, சமையல் சோடா, காஸ்டிக் சோடா என்னும் மூன்றும் கடைக்காரர் வாயில் ஒரே குலமாகத் தோன்றினாலும், அவற்றில் மூன்றாவது தோலை அரித்துவிடும். மயில்துத்தம் செம்பின் உப்பு, வெள்ளைத்துத்தம் நாகத்தின் உப்பு. வெண்காரம் ஒன்று, படிகாரம் வேறு, காரம் என்று பாடநூல் சொல்வது இன்னும் வேறு. சித்த வைத்தியமும் கைத்தொழிலும் தத்தம் உபயோகத்துக்கென வளர்த்த இச்சொற்களை இகழ்வதற்கில்லை. ஆனால் தகவலைத் தேடுகிறவன் தான் தேடுவது எந்த வஸ்துவைப் பற்றியது என்று நிர்ணயித்துக்கொள்ளாமல் தேடினால், கிடைக்கும் எண் எத்தனை சரியாக இருந்தாலும் அவனுக்கு அது தவறான எண்ணே.

இந்தச் சங்கடம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. உலகம் முழுவதற்கும் பொதுவாக ஒரு பரிகாரம் 1965இல் ஏற்பட்டது. 1907 முதல் இரசாயன ஆராய்ச்சிச் சுருக்கங்களை வெளியிட்டு வந்த அமெரிக்க இரசாயனக் கழகத்தின் பிரிவு, ஒவ்வொரு வஸ்துவுக்கும் ஒரு பதிவெண் வழங்கத் தொடங்கிற்று. சி.ஏ.எஸ். எண் என்று புட்டியின் மேல் அச்சிட்டிருப்பது அதுவே. சுண்ணாம்புக்கல்லின் கால்சியம் கார்பனேட்டுக்கு 471-34-1. சுட்ட சுண்ணாம்புக்கு 1305-78-8. நீர்த்த சுண்ணாம்புக்கு 1305-62-0. பெயர் ஒன்றாயிருந்தும் எண் மூன்று. இவ்வெண்ணின் கடைசி இலக்கம் ஒரு காவற்காரன் போன்றது. தண்ணீரின் எண் 7732-18-5. இதில் கடைசி 5ஐ விட்டுவிட்டு, மற்ற இலக்கங்களை வலப்புறமிருந்து முறையே 1, 2, 3 என்று தொடங்கி 6 வரை பெருக்கிக் கூட்டினால் 8, 2, 6, 12, 35, 42 ஆகியவை சேர்ந்து 105 வரும். அதன் கடைசி இலக்கம் 5. நோட்டில் எழுதும்போது ஓர் இலக்கம் பிறழ்ந்தால் பெரும்பாலும் இக்கணக்கு ஒத்துவராது. காகிதமும் பென்சிலும் போதும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்துபார்க்கலாம்.

பெயரும் எண்ணும் எவ்வளவு தூரம் செல்கின்றன என்பதை ஆக்சாலிக் அமிலத்தைப் போல் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. மேல்நிலை வகுப்பிலும் கல்லூரி முதலாண்டிலும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத் தரம் பார்க்கும் ஒவ்வொரு மாணவனும் கையாளும் வெள்ளைப் படிகம் அது. அதன் உருகுநிலை என்ன என்று தேடினால் ஓரிடத்தில் 101 டிகிரி என்றும் மற்றோரிடத்தில் 190 டிகிரியை ஒட்டியும் காணப்படும். இவ்விரண்டில் எது பொய் என்று மயங்குகிற மாணவனுக்கு இரண்டும் மெய் என்பதை யாராவது சொல்லவேண்டும். சோதனைக்கூடத்துப் புட்டியில் இருப்பது இரண்டு நீர் மூலக்கூறுகளை உடன்கொண்ட படிகம். அதன் மூலக்கூறு எடை 126, பதிவெண் 6153-56-6. நீரற்ற அமிலம் வேறொரு வஸ்து. அதன் மூலக்கூறு எடை 90, பதிவெண் 144-62-7.

இந்த வேற்றுமை உருகுநிலையோடு நிற்பதன்று. டெசிநார்மல் கரைசல் 1 லிட்டர் தயாரிக்கப் படிகம் 6.3 கிராம் வேண்டும். கைப்பேசியில் ஆக்சாலிக் அமிலம் என்று மட்டும் தேடி, 90 என்ற எண்ணைக் கண்டு, அதைப் பாதியாக்கி 4.5 கிராம் நிறுத்து வந்த ஒரு மாணவியை நான் பார்த்திருக்கிறேன். அவள் துலாக்கோலைப் பயபக்தியோடு கையாண்டாள். பிப்பெட்டில் ஒரு குமிழி இல்லை. நிறம் மாறும் கணத்தைக் கண்கொட்டாமல் நோக்கி நிறுத்தினாள். மூன்று முறையும் ஒரே அளவு வந்தது. ஆனாலும் அவளுடைய கரைசலின் வலிமை அவள் நினைத்ததில் நூற்றுக்கு 71 பங்குதான். அடுத்த மேசை மாணவனின் விடையோடு ஏன் ஒத்துவரவில்லை என்று அவள் கலங்கி நின்றபோது, அவளுடைய கையில் குற்றமில்லை, எடுத்த எண்ணில்தான் குற்றம் என்று காட்டுவதற்கு, புட்டியை எடுத்து அதன் மேலிருந்த சிறிய எழுத்தை இருவரும் சேர்ந்து படித்ததே போதுமானதாயிற்று.

இதே தவறு சோதனைக்கூடத்தைத் தாண்டி ஊருக்குள்ளும் வரக்கூடும். அரியலூர் மாணவர்கள் விரும்பிச் செய்யும் ஆய்வு கிணற்று நீரின் கடினத்தன்மையை அளப்பது. அம்மோனியாத் தாங்கல் கரைசலில் பி.எச். அளவை 10 என்ற நிலையில் நிறுத்தி, எரியோகுரோம் பிளாக் டி என்னும் நிறங்காட்டியைச் சேர்த்து, இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச்சொட்டாக விட, திராட்சைச் சிவப்பு நீலமாக மாறும் இடத்தில் நிறுத்துகிறார்கள். கடையில் கிடைக்கும் இ.டி.டி.ஏ. உப்பும் இரண்டு நீர் மூலக்கூறு கொண்டதே. 1 லிட்டர் சென்டிமோலார் கரைசலுக்கு 3.72 கிராம் வேண்டும். நீரற்ற உப்பின் எண்ணை எடுத்து 3.36 கிராம் நிறுத்தவனுக்கு, கடினத்தன்மை பத்து விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகத் தோன்றும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், ஐ.எஸ். 10500, கடினத்தன்மைக்கு விரும்பத்தக்க எல்லையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றும், வேறு நீர் கிடைக்காதவிடத்து அனுமதிக்கக்கூடிய எல்லையை 600 என்றும் வகுத்திருக்கிறது. உண்மையில் 560 உள்ள ஒரு கிணறு அந்த மாணவனின் அறிக்கையில் 620 ஆகிவிடும். ஒரு தெருவே குடிக்கும் நீரைக் குடிக்கத்தகாதது என்று எழுதிவைத்து விடுகிறோம், ஒரு பெயருக்குப் பின்னால் நீர் உண்டா இல்லையா என்று பார்க்காத காரணத்தால்.

இனிப் புத்தகங்களை நோக்குவோம். நம் கல்லூரி நூலகங்களில் அட்டை பிய்ந்தும் ஓரம் கறுத்தும் இன்னும் மதிப்போடு நிற்கும் நூல் ஆர்தர் வோகலுடையது. அளவறி பகுப்பாய்வைப் பற்றிய அவருடைய நூல் 1939இல் முதற்பதிப்புக் கண்டது. பௌதிக எண்களுக்கு, சோதனைக்கூட ரப்பர்ப் பொருள்கள் விற்ற ஓர் அமெரிக்க நிறுவனம் 1913இல் சிறு கைந்நூலாகத் தொடங்கிப் பின் பெருநூலாக வளர்ந்த சி.ஆர்.சி. கைந்நூலும், தனித்தனி வஸ்துவைப் பற்றிச் சுருக்கமாக அறிய, 1889இல் ஒரு மருந்து நிறுவனத்தின் விலைப்பட்டியலாகப் பிறந்து இன்று இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியின் பராமரிப்பில் இருக்கும் மெர்க் இன்டெக்ஸும் ஆதாரங்களாகும். இவற்றின் பெருமை பழமையால் வந்ததன்று. ஒவ்வோர் எண்ணும் யாரோ ஒருவர் அளந்த அளவைக்குப் பின்னோக்கிச் செல்லத்தக்கதாக இருப்பதால் வந்தது.

அத்தகைய பின்னோக்கிய பயணம் எவ்வளவு போதிக்கும் என்பதற்கு முன்சொன்ன தரம் பார்த்தலே சாட்சி. ஆக்சாலிக் அமிலக் கரைசலைச் சூடாக்கிப் பெர்மாங்கனேட்டை விடுக என்று எல்லாச் செய்முறை ஏடுகளும் சொல்கின்றன. எவ்வளவு சூடு, ஏன் என்று பெரும்பாலானவை சொல்வதில்லை. 1912இல் அமெரிக்கத் தர நிர்ணய நிலையத்தைச் சார்ந்த மக்பிரைடு 80 முதல் 90 டிகிரி வரை சூடாக்கி மெதுவாக விடும் முறையை வகுத்தார். பல ஆண்டுகள் அது வேதவாக்காக இருந்தது. 1935இல் அதே நிலையத்தில் ஃபவுலரும் பிரைட்டும் அதை மறுபரிசோதனை செய்து, அந்தச் சூட்டில் அமிலத்தில் ஒரு சிறுபகுதியைக் காற்றே ஆக்சிஜனேற்றி விடுவதால் பெர்மாங்கனேட்டின் வலிமை உண்மையைவிட அற்பம் மிகுதியாகக் காணப்படுகிறது என்று நிறுவினார்கள். பெரும்பகுதியை அறை வெப்பத்திலேயே விட்டுவிட்டு, இறுதியில் 55 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்கி முடிக்கும்படி திருத்தினார்கள். பிழை ஆயிரத்தில் சில பங்கே. மேல்நிலை மாணவனின் மதிப்பெண்ணை அது பாதிக்காது. ஆனாலும் தான் கையில் ஏந்தும் வெப்பமானியின் அந்த 60 டிகிரிக்குப் பின்னால் இப்படி ஒரு விசாரணை நடந்திருக்கிறது என்று அறிந்த மாணவன், பின்பு எந்த எண்ணையும் பெற்றோர் பெயர் கேளாமல் ஏற்கமாட்டான்.

புத்தகத்தின் எண்கள் மூப்படைவதில்லை, எச்சரிக்கைகள் மூப்படைகின்றன. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். சென்ற தலைமுறையின் செய்முறை நூல்கள் புரோமைடையும் அயோடைடையும் கண்டறியக் கார்பன் டெட்ராகுளோரைடு அடுக்கின் நிறத்தைப் பார்க்கச் சொல்லும். கண்ணாடிக் கருவிகளைக் குரோமிக் அமிலக் கலவையில் கழுவச் சொல்லும். பென்சீனைச் சாதாரணக் கரைப்பானாக எடுத்தாளும். கல்நார் பூசிய கம்பிவலையின் மேல் முகவையை வைக்கச் சொல்லும். பிப்பெட்டில் வாயால் உறிஞ்சச் சொல்லும். நாங்கள் அப்படித்தான் படித்தோம். பென்சீனும் ஆறிணைதிறக் குரோமியமும் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவை என்பது இன்று ஐயமற்ற முடிவு. கார்பன் டெட்ராகுளோரைடு ஈரலைக் கெடுப்பதோடு ஓசோன் படலத்தையும் அழிப்பதால் 1987ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. ஆகவே வோகலின் பழம்பதிப்பைச் சமான எடைக்கும் செய்முறைக்கும் ஆப்தராகக் கொள்ளலாம். அபாயத்துக்கு அது பிரமாணமாகாது.

அபாயத்துக்குரிய பிரமாணம் பாதுகாப்புத் தகவல் தாள். நம் நாட்டில் அபாயகரமான இரசாயனங்களைப் பற்றிய 1989ஆம் ஆண்டு விதிகளே அத்தகைய தாளை வற்புறுத்தின. 2003இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட பொது ஒழுங்கு அதை உலகெங்கும் 16 பகுதிகளாக வகுத்தது. அவற்றுள் மாணவன் உடனே புரட்டவேண்டியவை நான்கு: அபாயத்தைச் சொல்லும் 2ஆம் பகுதி, முதலுதவி கூறும் 4ஆம் பகுதி, சிந்தினால் செய்வதைக் கூறும் 6ஆம் பகுதி, கையுறை கண்ணாடி முதலியவற்றைக் கூறும் 8ஆம் பகுதி. புட்டியை விற்ற நிறுவனத்தின் தாளையே தேடி எடுக்கவேண்டும். அடர்ந்த அமிலத்தைப் பற்றிய தாள் நீர்த்த அமிலத்துக்குப் பொருந்தாது. இவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடைக்கின்றன. தமிழ்வழி படித்து வந்த பிள்ளைக்கு ஒரு விபத்தின் பதற்றத்தில் அந்த ஆங்கிலம் எப்படிப் பயன்படும்?

வலைத்தளங்களில் மாணவர்க்கு உரிய ஆதாரங்கள் உண்டு, செலவின்றியும் கிடைக்கின்றன. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிலையங்கள் 2004இல் தொடங்கிய பப்கெம், பதிவெண்ணை இட்டதும் வஸ்துவின் அமைப்பையும் பண்புகளையும் காட்டும்; அதே பண்புக்குப் பல எண்களை, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு, அடுக்கி வைக்கும். அந்தக் குறிப்பைப் படிப்பதே அங்கு கற்கவேண்டிய வித்தை. வெப்பவியல் எண்களுக்கு 1996 முதல் இயங்கும் நிஸ்ட் நிறுவனத்தின் இரசாயன ஏடு உண்டு. இவை ஒருபுறம் இருக்க, கேட்டதற்கு உடனே சரளமான வாக்கியத்தில் விடையளிக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இன்று ஒவ்வொரு கையிலும் இருக்கின்றன. தமிழில் கேட்டால் தமிழிலேயே சொல்கின்றன. அது சிறிய காரியமன்று. ஆனால் அந்த விடையில் அளந்தவர் பெயர் இல்லை, நீர் ஏறியதா அற்றதா என்ற பேதம் பல சமயம் இல்லை. ஆகவே வழிகாட்டியாகக் கேட்கலாம். துலாக்கோலில் வைக்கும் எண்ணை அதனிடம் வாங்கக்கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

தமிழில் இரசாயனம் சொல்லும் முயற்சி நேற்று முளைத்ததன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் ஐயரின் முயற்சியால் கெமிஸ்தம் என்னும் நூல் 1875இலேயே அச்சேறிற்று. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சாஸ்திரக் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். இராஜாஜியே பின்னர் திண்ணை ரசாயனம் எழுதினார். பாடநூல் நிறுவனம் கல்லூரி வகுப்புகளுக்கும் தமிழில் நூல்கள் வெளியிட்டது. கொள்கைகளை விளக்கும் நூல்கள் இவ்வாறு வந்தன. சோதனை மேசையின் மேல் வைத்துப் பார்க்கத்தக்க எண்களின் ஏடும், அபாயம் உரைக்கும் தாளும் மட்டும் தமிழில் போதிய அளவு வரவில்லை. அந்தக் குறையை ஒரு மாவட்டமே தன்னளவில் தீர்த்துக்கொள்ளலாம். மேல்நிலைச் செய்முறைக்கு வேண்டிய வஸ்துக்கள் சில டஜன்களே. ஒவ்வொன்றுக்கும் வழங்கு பெயர், கலைச்சொல், பதிவெண், படிக நீர் உண்டா இல்லையா, மூலக்கூறு எடை, எண்ணை எடுத்த இடம், பட்டால் செய்யவேண்டியது ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். சுற்றிலும் சிமெண்டு ஆலைகள் இருக்கின்றன. அவற்றின் ஆய்வகங்களில் நாள்தோறும் சுண்ணாம்புக்கல் பகுத்தறியப்படுகிறது. பகுத்த கல்லில் ஒரு சிறு பொட்டலத்தை அதன் முடிவோடு பள்ளிக்குக் கொடுத்தால், மாணவன் தன் விடையைத் தன் ஊர்க் கல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பான்.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் இரசாயன ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். இவ்வாண்டின் முதற்செய்முறை வகுப்பில் அடுப்பைப் பற்றவைக்கும் முன், அலமாரியிலுள்ள புட்டிகளைப் பிள்ளைகளிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்து, மேலே அச்சிட்டிருப்பதை முழுவதும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அமில ஆவி பட்டு எழுத்து அழிந்துபோன புட்டிகளைத் தனியே எடுத்து வையுங்கள். உள்ளே இருப்பது இன்னதென்று நிச்சயமாகத் தெரியாத எதையும் அந்த அறையில் பிரயோகிக்க வேண்டாம்.